வெஸ்ட் பேடன் ஸ்பிரிங்ஸ் ஓட்டல்: குவிமாடம் நின்றது, சுவர் ஏன் விழுந்தது?

செங்கல்சூளை எழுதியது:

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துத் தென்பகுதியில், பிரெஞ்ச் லிக் ஊருக்கு ஒரு மைல் தொலைவில் இருக்கிறது வெஸ்ட் பேடன் ஸ்பிரிங்ஸ் ஓட்டல். கனிம நீரூற்றுக்காக எழுந்த ஊர் அது. 1902ல் திறந்தபோது ஓட்டலுக்கு ஆறு மாடி, 708 அறை. அறைகளெல்லாம் வட்டமாகச் சுற்றி நிற்க, நடுவில் ஒரு தூண்கூட இல்லாத பெரிய முற்றம். முற்றத்துக்கு மேலே 200 அடி, அதாவது 61 மீட்டர் விட்டத்தில் எஃகும் கண்ணாடியுமாய்க் குவிமாடம்.

1983க்குப் பிறகு கட்டடம் காலியாகக் கிடந்தது. 1991 ஜனவரியில் வெளிச்சுவரில் ஒரு பெரிய பகுதி இடிந்து விழுந்தது. குவிமாடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தனை அகலத்துக்குத் தாங்கலின்றி நிற்கும் கூரை பிழைத்து, சாதாரண வெளிச்சுவர் சரிந்தது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். பதில் கட்டடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. குவிமாடத்தைப் பற்றி வளைவிட்டம் ஐயா எழுதினால் சுவரைப் பற்றி நான் எழுதுகிறேன். வரலாறு தெரிந்தவர்கள் இடையில் சேருங்கள். ஆண்டுகளைச் சரிபார்த்துப் போடுங்கள், இணையத்தில் இந்த ஓட்டலைப் பற்றிக் கண்டபடி எழுதிக் கிடக்கிறது.

வளைவிட்டம் எழுதியது:

நல்ல இழை. குவிமாடத்தை வரிசையாகப் பார்ப்போம்.

கட்டடத்தின் வடிவமைப்பாளர் ஹாரிசன் ஆல்பிரைட். குவிமாடத்தின் எஃகு வேலையைக் கணக்கிட்டவர் ஆலிவர் வெஸ்ட்காட் என்ற பாலப் பொறியாளர். பாலக்காரர் கணக்கிட்டதால்தான் அது நின்றது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

மொத்தம் 24 எஃகு விலா விட்டங்கள். நடு உச்சியில் ஓர் உருளை வடிவக் கூட்டில் எல்லாம் வந்து சேர்கின்றன. கீழ் முனைகள் முற்றத்தைச் சுற்றியுள்ள தூண்களின் தலையில் உட்கார்கின்றன. 61 மீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு ஏறத்தாழ 191 மீட்டர். 24ஆல் வகுத்தால் இரண்டு விலாவுக்கு நடுவே அடியில் 8 மீட்டர் வருகிறது. ஒவ்வொரு விலாவின் கீழ் முனையும் தூணோடு இறுக்கிப் பூட்டப்படவில்லை, உருளைகளின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. இதுதான் மொத்த அமைப்பின் உயிர்நாடி.

எஃகு ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். 61 மீட்டருக்குப் பனிக்காலக் கடுங்குளிருக்கும் கோடை வெயிலுக்கும் இடையே 60 பாகை வித்தியாசம் என்று வையுங்கள். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் எஃகுக்கு அது அதிகமே இல்லை. 61,000 × 0.000012 × 60 = 44 மி.மீ. ஒரு பக்கத்துக்கு 22 மி.மீ. விலாவைத் தூணோடு இறுக்கியிருந்தால் ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தூணின் தலை ஒரு விரற்கடை வெளியே தள்ளப்பட்டு, மறுபடி உள்ளே இழுக்கப்படும். செங்கல்லும் காரையும் அதைப் பத்து வருடம் தாங்காது. உருளை இருப்பதால் விலா நகர்கிறது, தூண் சும்மா நிற்கிறது. பாலத்தில் ஒரு முனையைப் பூட்டி மறுமுனையை உருளையில் விடுவார்கள் அல்லவா, அதே உத்திதான். வீடு கட்டிப் பழகியவர்களுக்குச் சட்டென்று தோன்றாது; பாலக்காரருக்கு அது அன்றாட வேலை.

அடுத்து, குவிமாடம் என்றாலே அடியில் வெளிப்பக்கமாகத் தள்ளும். உருளை மேல் உட்கார்ந்த விட்டம் தூணைப் பக்கவாட்டில் தள்ள முடியாது, உருண்டுதான் போகும். ஆகவே அந்தத் தள்ளலை அடிவட்டத்தைச் சுற்றியுள்ள எஃகே ஏற்க வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா ஆரக்கால்களை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி. தூணுக்கு வந்து சேர்வது நேர் கீழ்நோக்கிய எடை மட்டும்.

இப்போது செங்கல்சூளை கேட்டதற்கு: அந்த எடை இறங்கும் தூண்கள் உள்வட்டத்தில் இருக்கின்றன. அதற்கு வெளியே அறைகள், நடைவழி, மீண்டும் அறைகள், கடைசியில்தான் வெளிச்சுவர். வெளிச்சுவரில் ஓட்டை விழுந்தாலும் குவிமாடத்தின் எடை போகும் பாதையில் கை வைக்கவில்லை.

பழங்கணக்கு எழுதியது:

ஐயா, தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு விஷயத்தை இப்போதே பேசிவிட வேண்டும். எங்கே பார்த்தாலும் "1902 முதல் 1913 வரை உலகின் மிகப் பெரிய குவிமாடம்" என்று போடுகிறார்கள். 1913ல் பிரெஸ்லாவில் (இன்றைய விராட்ஸ்வாஃப், போலந்து) நூற்றாண்டு மண்டபம் 65 மீட்டர் கான்கிரீட் குவிமாடத்தோடு வந்தது என்பது சரி. ஆனால் அதற்கு முன்பே வியன்னாவில் 1873 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரோட்டுண்டேயின் கூரை 108 மீட்டர். அது 1937ல் எரியும்வரை நின்றது. லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தின் கூரை 1871லேயே நீளவாட்டில் 66 மீட்டருக்கு மேல். இவற்றை வைத்துக்கொண்டு "உலகிலேயே" என்பதை எப்படி ஏற்பது?

வளைவிட்டம் எழுதியது:

ரோட்டுண்டே கூம்பு வடிவக் கூரை, ஆல்பர்ட் மண்டபம் நீள்வட்டம். வளைந்த கூரை, வட்ட அடி, நடுவில் தாங்கல் இல்லை என்று மூன்று நிபந்தனையும் போட்டால்தான் வெஸ்ட் பேடன் முதலிடத்துக்கு வரும். அத்தனை நிபந்தனையோடு வரும் பட்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவைப் பொறுத்தவரை சந்தேகமில்லை: 1955ல் சார்லட் நகரத்து விளையாட்டரங்கின் 332 அடிக் குவிமாடம் வரும்வரை இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

ஒப்பிட வேண்டுமென்றால் இங்கிலாந்தின் பக்ஸ்டனோடு ஒப்பிடுங்கள். அதுவும் நீரூற்று ஊர். அங்கே டெவன்ஷயர் பிரபுவின் குதிரை லாயம் வட்டமாக இருந்தது. அதை மருத்துவமனை ஆக்கி, நடு முற்றத்துக்கு மேல் 1881ல் 44 மீட்டர் குவிமாடம் போட்டார்கள். சுற்றிலும் கட்டடம், நடுவில் நோயாளிகள் மழை, குளிர் படாமல் நடமாட மூடிய முற்றம். வெஸ்ட் பேடனின் தேவையும் அதே. தண்ணீர் குடிக்க வந்தவர்கள் குடித்த பிறகு நடக்க வேண்டும், இண்டியானாவின் ஜனவரியில் வெளியே நடக்க முடியாது. பெருமைக்காக மட்டும் எழுப்பிய கூரை இல்லை இது.

ஊற்றுக்கண் எழுதியது:

"குடித்த பிறகு நடக்க வேண்டும்" என்பதில் நிறைய இருக்கிறது. தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அருகில் ஓடும் ஆறே பாதி வழியில் பூமிக்குள் இறங்கி மறைந்து வேறிடத்தில் வெளிவரும். அதன் பெயரே லாஸ்ட் ரிவர். பாறைக்குள் சுற்றி வரும் நீர் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ஊற்றுகள் வெந்நீர் ஊற்றுகள் அல்ல, குளிர்ந்தவை. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடால் வருவது. வேலை செய்வதோ சோடியம் சல்ஃபேட்டும் மக்னீசியம் சல்ஃபேட்டும். இவை குடலில் எளிதில் உறிஞ்சப்படாமல் தண்ணீரைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் பேதியாகும். காலையில் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு நடந்தால் சீக்கிரம் போகும். ஓட்டலின் நாள் ஒழுங்கு முழுவதும் இதைச் சுற்றி அமைந்தது.

வாயுவைத் தக்கவைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்த நீரைக் குளியலுக்குச் சூடாக்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு பறந்துவிடும். திறந்த தொட்டியில் வைத்தாலும் பறந்துவிடும். அதனால் குடிக்கும் நீரை ஊற்றடியிலேயே முகந்து கொடுத்தார்கள். ஒவ்வோர் ஊற்றுக்கும் மேலே தனி மண்டபம் கட்டினார்கள். இந்த வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்யும், செப்புக் குழாயை அரிக்கும். கந்தக நீர் ஓட்டல்களில் பராமரிப்புச் செலவு எப்போதும் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

புட்டியில் அடைத்து விற்றதும் உண்டு. பிரெஞ்ச் லிக்கில் புளூட்டோ வாட்டர், வெஸ்ட் பேடனில் ஸ்ப்ரூடல் வாட்டர். ஸ்ப்ரூடல் என்பது பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) கார்ல்ஸ்பாடில் உள்ள புகழ்பெற்ற ஊற்றின் பெயர், அங்கிருந்து கடன் வாங்கியது. புளூட்டோ வாட்டரில் ஊற்று நீரோடு சல்ஃபேட் உப்புகளைக் கூடுதலாகக் கலந்தே புட்டியில் அடைத்தார்கள். ஊற்றில் இரண்டு மூன்று குவளை குடித்தால் கிடைக்கும் பலன் சிறு புட்டியில் கிடைக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

பழங்கணக்கு எழுதியது:

ஊற்றுக்கண் தண்ணீரைச் சொன்னார், நான் மனிதர்களைச் சொல்கிறேன்.

பிரெஞ்ச் லிக்கில் முதலில் விடுதி நடத்தியவர் வில்லியம் பவுல்ஸ் என்ற மருத்துவர், 1840களில். அவரிடமிருந்து அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய ஜான் லேன், 1850களில் ஒரு மைல் தள்ளித் தானே ஒரு போட்டி விடுதி தொடங்கினார். ஜெர்மானிய நீரூற்று ஊர்களை நினைவூட்டும்படி அந்த இடம் வெஸ்ட் பேடன் ஆயிற்று. அதற்குப் பிறகு நீண்ட காலம் பெரிய மாற்றமில்லை. சாலை மோசம், வண்டியில் வந்து சேர்வதே பாடு.

திருப்பம் 1887ல். மோனான் ரயில் பாதையின் கிளை ஆர்லியன்ஸிலிருந்து இங்கே வந்தது. அடுத்த ஆண்டே, 1888ல், இண்டியானாவிலுள்ள சேலம் ஊரைச் சேர்ந்த லீ சின்க்ளேர் என்ற வங்கியாளர் வெஸ்ட் பேடனில் பங்கு வாங்கினார், பிறகு முழுவதையும் தன் கைக்குக் கொண்டுவந்தார். ரயிலுக்கு முன் வாங்கியிருந்தால் சூதாட்டம், ரயிலுக்குப் பின் வாங்கியது வியாபாரம். நாடக அரங்கு, சூதாட்ட மனை, கூரை போட்ட இரண்டு அடுக்கு ஓடுபாதை எல்லாம் கட்டினார். அந்த ஓடுபாதையின் ஓர் அடுக்கில் மட்டக்குதிரை, மறு அடுக்கில் சைக்கிள். ஒரு சுற்று மூன்றில் ஒரு பங்கு மைல்.

1901 ஜூன் 14ல் மரத்தாலான பழைய ஓட்டல் தீப்பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் சாம்பலானது. விருந்தினர் யாரும் சாகவில்லை. அதே ஆண்டு இண்டியானாபொலிஸ் மேயர் தாமஸ் டாகர்ட் கூட்டாளிகளோடு பிரெஞ்ச் லிக் ஓட்டலை வாங்கியிருந்தார். ஒரு மைலில் பணபலமும் அரசியல் பலமும் உள்ள போட்டியாளர்; இங்கே வெறும் கரி. சின்க்ளேர் விற்றுவிட்டுப் போயிருக்கலாம். அவர் கேட்டது: தீப்பிடிக்காத, வட்டமான, உலகம் பேசும் குவிமாடம் வைத்த கட்டடம், அதுவும் ஓராண்டுக்குள். பல வடிவமைப்பாளர்கள் மறுத்த பிறகு ஆல்பிரைட் ஒப்புக்கொண்டார். செலவு 4,14,000 டாலர். 1902 செப்டம்பர் 15ல் விருந்தினர் வந்துவிட்டார்கள். தீக்கும் திறப்புக்கும் இடையே 15 மாதம். முறையான திறப்பு விழா 1903 ஏப்ரலில் நடந்தது. இணையத்தில் இரண்டு ஆண்டும் மாறிமாறி வருவது இதனால்தான்.

தாழ்வாரம் எழுதியது:

ஒரு சந்தேகம். அவ்வளவு அவசரமாகக் கட்டியதால்தான் சுவர் பிறகு விழுந்தது என்று ஓரிடத்தில் வாசித்தேன். சரியா?

செங்கல்சூளை எழுதியது:

அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. 15 மாதத்தில் எழுந்த சுவர் 80 ஆண்டுக்கு மேல் நின்றது. அவசர வேலையின் குறை என்றால் முதல் இருபது பனிக்காலத்துக்குள் வெளிப்பட்டிருக்கும். கொன்றது தண்ணீர். 1991ல் கூரையிலும் மழைநீர்க் குழாய்களிலும் நீரும் பனிக்கட்டியும் சேர்ந்ததே சரிவுக்குக் காரணம்.

முதலில் அளவு. குவிமாடத்தின் கீழ்ப்பரப்பு மட்டும் 2,900 சதுர மீட்டருக்குச் சற்று மேல். 25 மி.மீ. மழை பெய்தால் 73,000 லிட்டர். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் அடைமழை என்றால் வினாடிக்கு 81 லிட்டர். வட்டக் கட்டடத்தில் இந்த நீருக்கு உள்ளே போக வழியில்லை, உள்ளே முற்றம். எல்லாம் வெளிப்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். அறைகளுக்கு மேலுள்ள வளையக் கூரையின் நீரும் அதோடு சேரும். ஆக மொத்த நீரும் வெளிவட்டத்தை நம்பியிருக்கிறது.

ஆளிருந்து சூடேற்றிய கட்டடத்தில் சுவரை ஒட்டி இறங்கும் குழாய் உறையாது. கட்டடத்தின் வெப்பமே அதைக் காக்கும். ஆள் போய், கொதிகலனும் அணைந்தால் கதை மாறுகிறது. இலையும் தூசியும் குழாய்வாயை அடைக்கும். நீர் கூரையில் தேங்கும். இரவில் உறையும். நீர் உறைந்தால் கன அளவில் 9 சதவீதம் பெருக்கும். வார்ப்பிரும்புக் குழாய் அதற்கு இடம் கொடுக்காமல் நீளவாட்டில் வெடிக்கும். மறுநாள் வெயிலில் உருகிய நீர் வெடிப்பு வழியாகச் சுவருக்குள் இறங்கும். அன்றிரவு அது சுவருக்குள்ளேயே உறையும்.

நம்மூரில் ஓதம் ஏறிய சுவர் பூச்சு உதிர்ந்து நிற்கும், அதோடு சரி. உறைபனி ஊரில் ஓதம் வேறு மாதிரி. பல அடுக்குச் செங்கற்சுவரில் வெளியடுக்கையும் உள்ளடுக்கையும் பிணைப்பது குறுக்கே வைத்த செங்கற்கள். இரண்டு அடுக்குக்கும் நடுவே நீர் உறைந்து உறைந்து உருகினால் அந்தக் குறுக்குச் செங்கல் ஒவ்வொன்றாக முறியும். வெளியடுக்கு தனியாகப் பிரிந்து, வயிறு தள்ளிய மாதிரி புடைக்கும். காரையில் உள்ள சுண்ணாம்பும் கரைந்து வெளியே வெள்ளைக் கோடாக வழியும். பார்க்க வேண்டிய அறிகுறிகள் இவை இரண்டு: புடைப்பு, வெள்ளைக் கோடு. புடைப்பு வந்த பிறகு ஒரே ஒரு கடும் பனிக்காலம் போதும்.

சரிவு ஜனவரியில் நடந்தது. உறையும்போது பனிக்கட்டியே பிணைத்துப் பிடித்திருக்கும், உருகும்போது பிடி விடும்.

மச்சுவீடு எழுதியது:

சுவரைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பழியை 1983க்குப் பின்னே மட்டும் போடுவது நியாயமில்லை. இயேசு சபைத் துறவிகள் 1934ல் வந்து செய்ததைப் பார்க்க வேண்டாமா? உச்சியிலிருந்த மூரிஷ் பாணிக் (பழைய ஸ்பெயினின் இஸ்லாமியக் கட்டடப் பாணி) கோபுரங்களைக் கழற்றினார்கள். அலங்காரங்களை அகற்றினார்கள். ஊற்றுகளைக் கான்கிரீட் போட்டு அடைத்தார்கள். நீரூற்று ஓட்டலில் ஊற்றையே அடைத்தால் அது என்ன பாதுகாப்பு?

பழங்கணக்கு எழுதியது:

மச்சுவீடு, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் 1934ல் என்ன நிலைமை என்று வரிசையாகப் பாருங்கள்.

சின்க்ளேர் 1916ல் இறந்தார். மகள் லில்லியனும் மருமகனும் பெரும் செலவில் புதுப்பித்தார்கள். முதல் உலகப் போரில் 1918 முதல் 1919 வரை ராணுவ மருத்துவமனை. கடன் மிஞ்சியது. 1923ல் பத்து லட்சம் டாலருக்கு எட் பாலார்டுக்கு விற்றார்கள். பாலார்டு சூதாட்ட விடுதிகளும் சர்க்கஸ்களும் வைத்திருந்தவர். ஹேகன்பெக்-வாலஸ் சர்க்கஸ் அவருடைய கூட்டணியுடையது. கூட்டணி தன் சர்க்கஸ்களை 1929ல், பங்குச் சந்தை சரிவுக்குச் சில வாரம் முன்பு, இன்னொரு சர்க்கஸ் முதலாளியான ரிங்லிங்குக்கு விற்றுவிட்டது. சரிவுக்குப் பிறகு ஓட்டலில் அறை நிரம்பவில்லை. 1932ல் மூடினார். வாங்க ஆளில்லை. 1934ல் ஒரு டாலர் விலைக்கு இயேசு சபைக்குக் கொடுத்தார். 1936ல் ஆர்கன்சாஸின் ஹாட் ஸ்பிரிங்ஸில், அதுவும் ஒரு நீரூற்று ஊர்தான், பழைய கூட்டாளி ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் எத்தனையோ பெரிய ஓட்டல்கள் மூடப்பட்டன. 708 அறைக்கும் கொதிகலன் எரித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு, 1964 வரை முப்பது ஆண்டு ஒரு கட்டடத்தை உயிரோடு வைத்திருந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் அங்கே கல்லூரி நடத்தினார்கள். இறந்தவர்களைக் கட்டட வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள், அந்தக் கல்லறை இன்றும் இருக்கிறது. பின்னால் ஒரு தம்பதி இடத்தை வாங்கி நார்த்வுட் கல்லூரிக்குக் கொடுத்தார்கள், அது 1983 வரை நடந்தது.

செங்கல்சூளை எழுதியது:

பழங்கணக்கு சொல்வதோடு நிற்கிறேன். கோபுரத்தை மறுபடி கட்டலாம், பின்னால் கட்டியும்விட்டார்கள். குழாய் அடைப்பை எடுக்க ஆளில்லாமல் எட்டு ஆண்டு விட்டதைத்தான் சரிக்கட்ட முடியாமல் போனது. காலிக் கட்டடம் ஒன்றைப் பொறுப்பெடுக்கும் யாருக்கும் செய்ய வேண்டியது இதுதான்: இலையுதிர் காலம் முடிந்ததும் குழாய்வாய்கள் அத்தனையையும் கையால் துழாவிச் சுத்தம் செய்யுங்கள். சுவருக்குள் போகும் குழாய்களைத் துண்டித்து, நீரைச் சுவரிலிருந்து தள்ளி வெளியே கொட்டும்படி தற்காலிகக் குழாய் போடுங்கள். அசிங்கமாகத் தெரியும், பரவாயில்லை. தண்ணீர் இணைப்பை அடைத்து உள்குழாய்களை வடித்துவிடுங்கள். சன்னல்களைப் பலகையால் முழுக்க மூடிவிடாமல் காற்றோட்டத்துக்கு இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் உள்ளே ஈரம் தங்கி மரம் உளுத்துவிடும். மாதம் ஒருமுறையும் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒருவர் கூரைக்கு ஏற வேண்டும்.

தாழ்வாரம் எழுதியது:

இந்த இழையில் இதுவரை வராத ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த ஓட்டல்களின் பரிசாரகர், சுமைதூக்குவோர், குளியல் உதவியாளர்களில் பெரும்பகுதி கறுப்பின மக்கள். விருந்தினராக அவர்கள் அங்கே தங்க முடியாது. ஆனால் 1910ல் சி. ஐ. டெய்லர் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமிலிருந்து தன் பேஸ்பால் அணியை இங்கே கொண்டுவந்தார். வெஸ்ட் பேடன் ஸ்ப்ரூடல்ஸ் என்று பெயர். பிரெஞ்ச் லிக்கில் எதிரணி புளூட்டோஸ். இரண்டும் தண்ணீர்ப் புட்டியின் பெயர்கள். விருந்தினர் பொழுதுபோக்குக்காக ஆடிய இந்த ஆட்டக்காரர்களின் தரம் மிக உயர்ந்தது; டெய்லர் பின்னர் இண்டியானாபொலிஸ் ஏபிசி அணியை நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக்கினார். கறுப்பின விருந்தினருக்கு வெஸ்ட் பேடனிலேயே வாடி ஓட்டல் என்று தனி விடுதி இருந்தது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் பயிற்சிக்கு வந்தபோது தங்கியது அங்கேதான். குவிமாடத்தின் வரலாற்றை எழுதும்போது இதை விட்டுவிட்டால் பாதி ஊரை விட்டுவிட்டதாக ஆகும்.

மச்சுவீடு எழுதியது:

நன்றி தாழ்வாரம், இது கட்டாயம் வேண்டும்.

மீட்பைப் பற்றியும் எழுதுங்கள். 1987ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தும் 1991ல் சுவர் விழுந்தது. அறிவிப்பால் ஒரு செங்கல்லும் நிற்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பழங்கணக்கு எழுதியது:

அறிவிப்பு சுவரைப் பிடிக்காது, ஆனால் பணம் கேட்க ஒரு காகிதம் தரும். சரிவுக்குப் பிறகு 1992ல் நாட்டின் ஆபத்தில் உள்ள வரலாற்று இடங்களின் பட்டியலில் இது சேர்ந்தது. இண்டியானாவின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு அவசர முட்டுக்கொடுப்பு வேலையைச் செய்தது, 1996ல் கட்டடத்தையே வாங்கியது. புளூமிங்டன் ஊரில் மருத்துவக் கருவிகள் செய்யும் குக் நிறுவனத்தின் பில் குக்கும் கெயில் குக்கும் செலவை ஏற்றார்கள்.

முதற்கட்டத்தில் வெளிச்சுவர், முற்றம், குவிமாடம், தோட்டம். அறைகளைத் தொடவில்லை. இந்த வரிசை சரியானது: முதலில் நீர் உள்ளே வராமல் அடை, பிறகு கட்டமைப்பு, பிறகு மக்கள் பார்க்கும் இடம், கடைசியில் படுக்கையறை. பலரும் அறையிலிருந்து தொடங்கி, வாடகை வரட்டும் என்று காத்திருந்து மூழ்கிப்போகிறார்கள்.

ஆனால் மீட்ட கட்டடத்தை ஓட்டலாக நடத்த ஆள் கிடைக்கவில்லை. பல வருடம் சுற்றிப் பார்க்க மட்டும் திறந்து வைத்தார்கள். 2003ல் இந்த இரண்டு ஊரும் இருக்கும் ஆரஞ்சு கவுன்டியில் சூதாட்ட மனைக்கு மாநிலச் சட்டமும் உள்ளூர் வாக்கெடுப்பும் வழிவிட்டன. 2006ல் பிரெஞ்ச் லிக்கில் சூதாட்ட மனை திறந்தது, 2007ல் வெஸ்ட் பேடன் 75 ஆண்டுக்குப் பிறகு மறுபடி ஓட்டலானது.

மச்சுவீடு எழுதியது:

அப்படியானால் காப்பாற்றியது சூதாட்டம்தானே?

பழங்கணக்கு எழுதியது:

ஓட்டலைக் காப்பாற்றியது சூதாட்ட வருமானம், கட்டடத்தைக் காப்பாற்றியது அதற்குப் பத்து ஆண்டு முன்பே செலவு செய்தவர்கள். 1996ல் யாரும் தொடாமல் விட்டிருந்தால் 2003ல் வாக்கெடுப்பு நடத்தி என்ன பயன்? சின்க்ளேர் காலத்திலிருந்தே இங்கே சூதாட்டம் சட்டத்துக்குப் புறம்பாக வெளிப்படையாக நடந்ததுதான். தண்ணீர் மட்டும் இந்த இரண்டு ஓட்டலுக்கும் எந்தக் காலத்திலும் சோறு போட்டதில்லை.

ஊற்றுக்கண் எழுதியது:

கடைசி வரி கொஞ்சம் கடுமை. தண்ணீர்தான் ரயிலை இழுத்தது, ரயில்தான் சூதாட்டத்துக்கு ஆள் கொண்டுவந்தது. புளூட்டோ வாட்டர் 1971 வரை புட்டியில் விற்றது. பிரெஞ்ச் லிக்கில் இன்றும் புளூட்டோ நீர்க்குளியல் கொடுக்கிறார்கள். வாடை பிடிக்காதவர்கள் முதல் ஐந்து நிமிடம் பொறுத்தால் மூக்கு பழகிவிடும். வெள்ளி நகைகளைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், கறுத்துவிடும்.

வளைவிட்டம் எழுதியது:

முற்றத்துத் தளத்தைப் பற்றி ஒரு கணக்கு. 1917 புதுப்பிப்பில் பளிங்குச் சில்லுகளால் மொசைக் தளம் போட்டார்கள். "1.2 கோடி சில்லு, ஒவ்வொன்றும் ஒரு அங்குலச் சதுரம்" என்று எங்கும் எழுதியிருக்கும். 200 அடி வட்டம் என்றால் 31,400 சதுர அடி. ஒரு அங்குலச் சில்லு 45 லட்சம்தான் கொள்ளும். 1.2 கோடி உண்மையானால் சில்லு ஏறத்தாழ 1.5 செ.மீ. பக்கம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். பகிர்வதற்கு முன் பெருக்கிப் பாருங்கள்.

நேரில் போகிறவர்கள் தளத்தைவிட மேலே பாருங்கள். நடு உச்சிக் கூட்டின் உள்ளே தேவதை ஓவியங்கள் உண்டு, கீழிருந்து தெரியாது. கீழிருந்து தெரிவது 24 விலாக்களும் அவை அடியில் வந்து உட்காரும் இடமும். உருளைகள் துருவேறிப் பூட்டிக்கொள்வதுதான் இம்மாதிரிக் கூரைக்கு முதல் எதிரி. பெயின்ட் அடிப்பவர் தெரியாமல் உருளைமேலும் அடித்துவிடுவார், அது இரண்டாவது எதிரி. பூட்டிக்கொண்டால் நான் சொன்ன 22 மி.மீ. தள்ளல் தூணுக்குப் போகும். தூண் தலையருகே கிடைமட்டக் கீறல் முதலில் தெரியும். கோடையின் உச்சியில் ஒருமுறை, பனியின் உச்சியில் ஒருமுறை உருளை நிற்கும் இடத்தைக் கோடு போட்டுக் குறித்துவைத்தால் அது நகர்கிறதா என்று அளவுகோலே சொல்லிவிடும்.

தாழ்வாரம் எழுதியது:

இன்னொரு கேள்வி. பழைய 708 அறை இப்போது 243 என்கிறார்கள். மீதி எங்கே போனது?

செங்கல்சூளை எழுதியது:

எங்கும் போகவில்லை, ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. 1902ல் இருந்தவை சிறு அறைகள். இன்றைய விருந்தினர் ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை, அகலக் கட்டில், குளிரூட்டி எதிர்பார்ப்பார். இரண்டு மூன்று பழைய அறையைச் சேர்த்தால்தான் ஒன்று தேறும். வட்டக் கட்டடத்தில் இதற்கு ஒரு தொல்லை உண்டு. அறைகள் ஆப்பு வடிவம்: முற்றத்தைப் பார்க்கும் அறைக்குச் சன்னல் பக்கம் குறுகல், வெளியைப் பார்க்கும் அறைக்குச் சன்னல் பக்கம் அகலம். தடுப்பை எடுத்துச் சேர்க்கும்போது சுவர்கள் செங்கோணத்தில் வராது. அலமாரி, தொட்டி, ஓடு எல்லாவற்றையும் இடத்துக்கு இடம் அளந்து வெட்ட வேண்டும். கழிவுநீர்க் குழாய்களை ஆறு மாடிக்கும் நேர்கோட்டில் இறக்க வேண்டுமானால் சேர்க்கும் முறையும் மாடிக்கு மாடி ஒன்றாகவே இருக்க வேண்டும்.

முன்பதிவு செய்பவர்கள் கவனிக்க: முற்றத்தைப் பார்க்கும் அறை கேட்டால் குவிமாடம் முழுவதும் சன்னலில் இருக்கும், ஆனால் முற்றத்தில் விருந்தோ இசையோ நடந்தால் சத்தம் நேராக உள்ளே வரும். வட்டச்சுவரும் குவிந்த கூரையும் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பும். நல்ல தூக்கம் வேண்டுமானால் வெளிப்பக்கத்து அறையைக் கேளுங்கள்.